திண்ணைப் பள்ளி முதல் நினைவில்லம் வரை

தருமபுரியில் ஒரு தோட்டம் அமைத்து, அதை விட்டுப் பிரிய மனமின்றி மடல்களில் வருந்தி எழுதிய ஆங்கிலேயர் ஒருவர் உண்டு. அவர் தாமஸ் மன்றோ. பாரமகால் நிலவரிப் பணியில் அலெக்சாண்டர் ரீடு என்பாரின் உதவியாளராக 1792 முதல் 1799 வரை இப்பகுதியில் இருந்தவர். பின்னாளில் சென்னை மாகாணத்தின் ஆளுநராக உயர்ந்தபோது, 1822ஆம் ஆண்டில், மாகாணம் முழுவதும் உள்ள நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்குமாறு மாவட்ட ஆட்சியர்களுக்கு ஆணையிட்டார். நான்காண்டுகள் கழித்து, 1826இல், திரண்ட கணக்கு அவர் மேசைக்கு வந்தது. பள்ளிகள் 12,498, பயில்வோர் 1,88,650. அவருள் பெண்பிள்ளைகள் 4,540 பேரே. இத்தொகையோடு ஒட்டாமல் மற்றுமோர் எண்ணும் அக்கணக்கில் காணப்படுகிறது. சென்னை நகரில் மட்டும் 26,963 பிள்ளைகள் வீட்டிலேயே கல்வி பெற்றனர் என்பது அது.

அந்தப் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் பள்ளிகளுக்குக் கட்டடம் ஏது? கோயில் மண்டபம், மரநிழல், ஊர்ச்சாவடி ஆகியவை ஒருபுறமிருக்க, பெரும்பாலும் யாரேனும் ஒருவருடைய வீட்டுத் திண்ணையே பள்ளியாயிற்று. ஆசிரியர் வீட்டுத் திண்ணையாகவோ, ஊர்ப் பெரியவர் வீட்டுத் திண்ணையாகவோ அது இருந்தது. மணலில் விரல் தேய எழுதுவதும், எண்சுவடியை உரத்து ஒப்பிப்பதும், ஆத்திசூடி தொடங்கி நீதிநூல்களை மனப்பாடம் செய்வதும், மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாகி இளையவரை அடக்குவதும் அத்திண்ணையில் நிகழ்ந்தன. இவற்றை உ.வே. சாமிநாதையர் தம் தன்வரலாற்றில் விரிவாகச் சொல்லியிருப்பதை நம் வட்டத்து அன்பர்கள் அறிவர். (தகடூர்ப் பக்கத்தில் ஆத்திசூடி என்றவுடன் அதியமானுக்குத் தோழியான ஔவையை நினைத்துப் பெருமை கொள்வோர் பலர். அதியமானைப் பாடிய ஔவை வேறு, ஆத்திசூடி பாடிய ஔவை வேறு என்று வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லி வருகிறேன். மாணவியர் ஆண்டுதோறும் ஏமாற்றம் அடைகின்றனர்.)

வீடே பள்ளியாக இருந்த காலம் போய், பள்ளி தனக்கென ஒரு கட்டடத்தைப் பெற்றுக்கொண்டு வீட்டை விட்டு வெளியேறியது. இன்று, நூறாண்டுகளுக்குப் பின், பள்ளியிலிருந்து பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி ஒரு வீட்டைக் காட்ட அழைத்துச் செல்கிறோம். அவ்வீட்டின் வாசலில் 'நினைவு இல்லம்' என்று எழுதியிருக்கிறது. அங்கே பிள்ளைகளுக்கு என்ன நிகழ்கிறது, என்ன நிகழலாம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பெரியோர் பிறந்த வீட்டை ஊரார் பொதுச்சொத்தாக வாங்கிக் காக்கும் வழக்கம் மேலைநாட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேரூன்றியது. ஷேக்ஸ்பியர் பிறந்த வீடு 1847இல் பொதுமக்கள் நிதியால் வாங்கப்பட்டது. நம்மவர் மனம் வேறு வழியில் சென்றது எனலாம். எட்டயபுரத்தில் பாரதியாருக்கு நினைவுச்சின்னம் எழுப்ப வேண்டும் என்று கல்கி முயன்று, மக்கள் தந்த பொருளைத் திரட்டியபோது, முதலில் எழுந்தது மணிமண்டபம். அதற்கு 1945இல் அடிக்கல் நாட்டியவரும் 1947இல் திறந்து வைத்தவரும் இராஜாஜியே. பாரதி பிறந்த வீடு அதே ஊரில் இருந்தது. பின்னர் அதுவும் நினைவில்லமாயிற்று. ஆயினும் முதலில் மண்டபம், பிறகே வீடு என்ற இவ்வரிசை கருதத்தக்கது. நமக்குப் பெரியோரை நினைத்தல் என்றால் அவருக்கு ஓர் உயர்ந்த இடம் கட்டுதல் என்று பொருள். அவர் இருந்த தாழ்ந்த கூரையைக் காத்தல் என்பது பிந்தி வந்த எண்ணம். சென்னைத் திருவல்லிக்கேணியில் பாரதி வாழ்ந்த வீடு 1993இல்தான் அரசின் நினைவில்லமாகத் திறக்கப்பட்டது. அவர் மறைந்து எழுபத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். தமிழக அரசின் நினைவில்லங்களும் மணிமண்டபங்களும் செய்தி மக்கள் தொடர்புத் துறையின் பொறுப்பில் உள்ளன. எழும்பூர் அருங்காட்சியகம் போன்றவை அருங்காட்சியகங்கள் துறையைச் சேர்ந்தவை. தருமபுரியில் நடுகற்களைத் தன்னகத்தே கொண்ட அகழ்வைப்பகம் தொல்லியல் துறையினுடையது. மூன்று துறைகள், மூன்று நோக்குகள். செய்தித் துறையின் இயல்பான பணி விழா எடுப்பது, மாலை அணிவிப்பது, ஒளிப்படக் காட்சி வைப்பது. அதனை அத்துறை செய்துவருகிறது. ஒரு வீட்டைப் பிள்ளைகளுக்குப் பாடமாக்கிக் காட்டும் பணி அத்துறைக்கு இடப்பட்டதன்று. குறை எவரிடமும் இல்லை. பிறப்பிலேயே அப்படி அமைந்துவிட்டது.

நம் பகுதியின் நினைவில்லங்களுள் முதலில் நினைவுக்கு வருவது தொரப்பள்ளி. 1878 டிசம்பர் 10ஆம் நாள் இராஜாஜி அங்கே பிறந்தார். தந்தை சக்கரவர்த்தி வேங்கடார்யர் அவ்வூரின் முன்சீப், தாய் சிங்காரம்மாள். அன்று அது சேலம் மாவட்டம். 1965 அக்டோபர் 2இல் தருமபுரி மாவட்டம் பிரிந்தபோது அதனோடு வந்தது. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபின் அங்குச் சென்றுவிட்டது. எல்லைக்கோடுகள் மாறினாலும் நாற்பதாண்டுகளுக்கு அருகில் அது நம் மாவட்டத்து வீடாக இருந்தது. என் தலைமுறை ஆசிரியர்கள் இன்றும் 'நம்ம தொரப்பள்ளி' என்றே சொல்கின்றனர்.

ஓசூரை அடுத்துத் தென்பெண்ணைப் பக்கம் அமைந்த சிற்றூர் அது. இந்தியாவின் தலைமை ஆளுநராக இருந்த ஒருவர் பிறந்த இடம் என்று எதிர்பார்த்துச் செல்லும் பிள்ளைகளுக்கு, அவ்வீட்டின் எளிமையே முதல் வியப்பு. உள்ளே அவர் வாழ்வின் கட்டங்களைக் காட்டும் ஒளிப்படங்கள் உள்ளன. காந்தியடிகளோடு, நேருவோடு, மவுண்ட்பேட்டனோடு என அவர் பலராலும் சூழப்பட்டு நிற்கிறார். ஆனால், அப்படங்கள் யாவும் அவர் இவ்வீட்டை விட்டு நெடுந்தொலைவு சென்றபின் எடுக்கப்பட்டவை. ஏறத்தாழ ஐந்து வயது வரை அவர் வளர்ந்த ஊர் இது. பிறகு குடும்பம் ஓசூருக்குச் சென்றுவிட்டது. ஐந்து வயதுப் பிள்ளையின் வீட்டைக் காண ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் செல்கின்றனர். அவர்கள் பார்ப்பதோ எழுபது வயது முதியவரின் படங்களை. அந்த ஐந்து வயதுப் பிள்ளை எங்கே விளையாடினான், எங்கே விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டான், கொல்லையில் என்ன மரம் இருந்தது என்பனவற்றை நினைக்கத் தூண்டுவது சுவரில் மாட்டிய எதுவும் அன்று. திண்ணையும் நடையும் கூடமுமே அதைச் செய்ய வல்லவை.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவியர் துணையோடு, சிற்றூர்ப் பள்ளி ஒன்றின் பிள்ளைகளைத் தமிழகத்து நினைவில்லம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றேன். எந்த இல்லம் என்பது இங்குத் தேவையில்லை. நாற்பத்திரண்டு பிள்ளைகள் இருவர் இருவராகக் கைகோத்து வாசலில் நுழைந்து, சுவரோரமாகவே நடந்து, பின்வழியாக வெளியேறினர். "தொடாதே, பேசாதே, நிற்காதே" என்ற மூன்று ஏவல்களும் உள்ளே ஒலித்துக்கொண்டிருந்தன. வருகைப் பதிவேட்டில் ஆசிரியை ஒருவர் எல்லார் சார்பிலும் கையெழுத்திட்டார். பதினொரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. அப்போது ஒரு சிறுமி என் சேலைத்தலைப்பைப் பிடித்து இழுத்து, "டீச்சர், இந்த வீட்டுல அடுப்பங்கரை எங்க இருக்கு?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. காப்பாளரைக் கேட்டேன். அவர் நல்ல மனிதர், கேள்வியைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "அது பின்னாடி ரூமுங்கம்மா. பழைய நாற்காலி, பேனரெல்லாம் போட்டுப் பூட்டி வச்சிருக்கோம்" என்றார்.

அன்றிரவு அச்சிறுமியின் கேள்வி என்னை உறங்கவிடவில்லை. பெரியோர் வீட்டை நாம் காக்கும்போது எந்த அறையைக் காக்கிறோம்? அவர் எழுதிய மேசையை, அமர்ந்த நாற்காலியை, கையூன்றிய கோலைக் காக்கிறோம். அவருக்குச் சோறு வடித்த இடத்தைப் பூட்டிவிடுகிறோம். அங்கு நாளெல்லாம் நின்றவள் படங்களில் இல்லை. சிங்காரம்மாளைப் பற்றித் தொரப்பள்ளி செல்லும் பிள்ளைக்கு என்ன தெரியும்? 4,540 என்ற மன்றோவின் எண்ணை நான் முதலிலேயே எழுதியது இதற்காகத்தான். அக்காலத்துப் பெண்ணுக்கு வீட்டின் முகப்பாகிய திண்ணைப் பள்ளி பெரும்பாலும் மூடியே இருந்தது. அவள் கற்றதும் கற்பித்ததும் வீட்டின் பின்பகுதியில். கோலம், மருந்து, தாலாட்டு, விடுகதை, கணக்கு யாவும் அங்கே. பிள்ளையின் முதற்பள்ளியும் அதுவே.

அடுப்படியிலிருந்து வரலாறு தொடங்கலாம் என்று கண்டவர்கள் இலண்டனில் இருந்தனர். அந்நகரின் கிழக்குப் பகுதியில் 1714இல் ஏழை முதியோர்க்கெனக் கட்டப்பட்ட அறவீடுகள், இரு நூற்றாண்டுகளுக்குப் பின் 1914இல் ஜெஃப்ரி அருங்காட்சியகமாயின. தச்சரும் மரக்கடைத் தொழிலாளரும் நிறைந்த பகுதி அது. எனவே, தொடக்கத்தில் மரச்சாமான் காட்சியகமாகவே இருந்தது. 1935இல் மார்ஜோரி குவென்னல் பொறுப்பேற்றபின், ஒவ்வொரு காலத்து வீட்டுக் கூடத்தையும் கண்முன் நிறுத்தும் அறைகளாக அதனை மாற்றினார். கணவரோடு சேர்ந்து, அன்றாடப் பொருள்களின் வரலாற்றைப் பிள்ளைகளுக்காக நூல்வரிசையாக எழுதியவர் அவர். அவருக்குப்பின் மோலி ஹாரிசன் 1946 முதல் 1969 வரை அதன் தலைமைக் காப்பாளராக இருந்தார். அடிப்படையில் அவர் ஆசிரியை. பிள்ளைகளை வரிசையில் நடத்திச் செல்வதை அவர் விரும்பவில்லை. ஒரே அறையில் உட்காரவைத்து, பார்த்துப் பார்த்து வரையச் செய்தார். வினாத்தாள் கொடுத்து அறைக்குள் விடையைத் தேடவிட்டார். கைத்தொழில் செய்ய இடமும் கருவியும் தந்தார். விடுமுறை நாள்களிலும் பிள்ளைகள் தாமாகவே வந்தனர் என்பது அவருடைய வெற்றிக்குச் சான்று.

(அதற்கும் முன்னோடிகள் உண்டு. நாடெங்கும் இருந்த பழைய வீடுகளைப் பெயர்த்துவந்து ஸ்டாக்ஹோமில் ஒரே வெளியில் நிறுத்திய ஸ்கான்சன் 1891இல் தொடங்கியது. சிறுவர்க்கெனவே ஓர் அருங்காட்சியகம் நியூயார்க்கின் புரூக்ளினில் 1899இல் எழுந்தது.)

நம் நாட்டில் இவ்வழி சென்ற முயற்சிகளுள் முதலில் சுட்டத்தக்கது சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996 டிசம்பரில் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா. தென்மாநிலங்களின் வீடுகள், அழியும் நிலையிலிருந்தவை, ஓடும் தூணும் கதவும் எண்ணிடப்பட்டுப் பெயர்க்கப்பட்டு அங்கே மீண்டும் எழுப்பப்பட்டுள்ளன. செட்டிநாட்டு வணிகர் வீடும் உண்டு. நெசவாளர் வீடும், குயவர் வீடும், உழவர் வீடும் உண்டு. எல்லார் வீடும் ஒரே வெளியில் நிற்பதால் பிள்ளைகள் தாமே ஒப்பிடத் தொடங்குகின்றனர். பள்ளிப் பிள்ளைகள் திருவையில் களிமண்ணை வனைகின்றனர், பனையோலையை முடைகின்றனர். நெசவாளர் வீட்டில் தறி எவ்வளவு இடத்தை எடுத்துக்கொள்கிறது, மீதியில் குடும்பம் எப்படிப் படுத்தது என்று ஒரு பிள்ளை எண்ணத் தொடங்கினால் அதுவே பொருளியல் பாடம். ஆனால், அந்த வீடுகள் யாருடைய பெயரையும் தாங்கியவை அல்ல. பெயர் தாங்கிய வீட்டில் இத்தனை உரிமை எடுத்துக்கொள்ள நமக்குத் துணிவு வருவதில்லை. பெரியவர் வீட்டில் களிமண் பிசைவதா என்று தயங்குகிறோம். மதுரையில் இராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் 1959இல் நேரு திறந்துவைத்த காந்தி நினைவு அருங்காட்சியகத்தில் ஒவ்வொரு தலைமுறைப் பிள்ளையும் காந்தியடிகளின் குருதி தோய்ந்த துணிமுன் மௌனமாக நின்றிருக்கிறது. அங்கே மௌனம் பொருத்தமானது. எல்லா வீட்டிலும் அது பொருந்துமா?

இராஜாஜி வீட்டைப் பொறுத்தமட்டில் பொருந்தாது என்பதே என் கருத்து. அவரே விரும்பியிருக்கமாட்டார். வேதியியலைத் தமிழில் எளிமையாகச் சொல்ல எண்ணி அவர் எழுதிய நூலுக்கு 'திண்ணை ரசாயனம்' என்று பெயரிட்டார். ஆய்வுக்கூடத்து அறிவைத் திண்ணைக்குக் கொண்டுவந்து பேசலாம் என்னும் நம்பிக்கை அத்தலைப்பிலேயே இருக்கிறது. தொரப்பள்ளி வீட்டு வாசலில் நான்கு பிள்ளைகளை உட்காரவைத்து, எலுமிச்சைச் சாறும் மஞ்சளும் சுண்ணாம்பும் கொண்டு நிறமாற்றம் காட்டினால், அதைவிடச் சிறந்த நினைவஞ்சலி அவருக்கு எது?

ஆயினும் அவ்வீட்டில் எழுப்பியே ஆகவேண்டிய மற்றொரு வினா உண்டு. அதை மறைத்தால் நாம் பிள்ளைகளை ஏமாற்றியவர் ஆவோம்.

1953ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், இராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளில் ஒரு புதிய முறை நடைமுறைக்கு வந்தது. பிள்ளைகள் இரு பிரிவாக வந்து, நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பயில்வர். எஞ்சிய அரைநாள் பெற்றோர் செய்யும் தொழிலையோ ஊர்க் கைத்தொழிலையோ கற்கவேண்டும். இருக்கும் ஆசிரியரையும் கட்டடத்தையும் கொண்டு இருமடங்குப் பிள்ளைகளுக்குக் கல்வி தரலாம், உழைப்பின் பெருமையும் நிலைக்கும் என்பது அரசு சொன்ன காரணம். தந்தை தொழிலே பிள்ளைக்கு என்றால் சாதியே பிள்ளைக்கு என்றாகும் என்றனர் எதிர்த்தோர். 'குலக்கல்வித் திட்டம்' என்று அவர்கள் இட்ட பெயரே நிலைத்துவிட்டது. சட்டமன்றத்தில் அதனைக் கைவிடக் கோரிய தீர்மானத்தில் வாக்குகள் 138க்கு 138 எனச் சமமாக நின்று தீர்மானம் தோற்றது. அடுத்த வாக்கெடுப்பில், திட்டத்தை வல்லுநர் குழுவின் ஆய்வுக்கு விடவேண்டும் என்பது வென்றது. 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். மே மாதத்தில் திட்டம் கைவிடப்பட்டது.

தருமபுரி மாவட்டத்துப் பிள்ளைக்கு இது தாளில் கிடக்கும் வரலாறு அன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கில் தமிழகத்திலேயே எழுத்தறிவில் கடைசி இடம் நம் மாவட்டத்துக்கு, 68.54 விழுக்காடு. பல வீடுகளில் பள்ளி சென்ற முதல் தலைமுறை இப்போதுதான் சுற்றுலாப் பேருந்தில் அமர்ந்திருக்கிறது. அரைநாள் ஆடு மேய்த்து அரைநாள் படி என்றிருந்தால் தன் தாத்தாவுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்று கேட்க அப்பிள்ளைக்கு முழு உரிமை உண்டு. களிமண் வனைவதையும் ஓலை முடைவதையும் மேலே பாராட்டிய நானே இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது: எல்லார் பிள்ளையும் ஒருநாள் வனைந்து பார்ப்பது ஒன்று, குயவர் பிள்ளை மட்டும் நாள்தோறும் வனைவது முற்றிலும் வேறொன்று. இவ்வேறுபாட்டை விளக்கத் தொரப்பள்ளியைவிடத் தக்க இடம் இல்லை.

இப்படிக் கேட்கவிட்டால் இராஜாஜி சிறுமைப்படுவார் என்று அஞ்சுவோர்க்கு ஒன்று கூறுவேன். அதே மனிதர் முதன்முறை ஆட்சிக்கு வந்த 1937இல் முதலில் சேலம் மாவட்டத்தில், அதாவது நம் தருமபுரியும் ஓசூரும் அடங்கிய பழைய சேலத்தில், மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1939இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் ஒடுக்கப்பட்டோர் நுழைந்தபோது, அதற்குத் துணைநின்றோரைக் காக்கச் சட்டம் செய்தார். 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியவரும் அவரே. 1965இல் இந்தித் திணிப்பை எதிர்த்துப் பேசியவரும் அவரே. 'சக்கரவர்த்தித் திருமகன்' நூலுக்கு 1958இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவரும் அவரே. இத்தனை முரண்களும் ஒரு கூரையின்கீழ்ப் பிறந்த ஒரு பிள்ளைக்குள் இருந்தன என்று கேட்கும் சிறுவன் அவரை மறக்கமாட்டான். மாலை போட்ட படம் மறந்துபோகும்.

விருதுநகரில் காமராசர் வாழ்ந்த வீடும் நினைவில்லமாக உள்ளது. பள்ளிப் படிப்பைச் சிறுவயதிலேயே விட்டவர் அவர். 2006 முதல் அவர் பிறந்த ஜூலை 15 தமிழகத்தில் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடப்படுகிறது. இவ்விரு வீடுகளுக்கும் இடையே தொலைவு மிகுதி; ஒரே நாளில் பார்க்க இயலாது. ஆனால் இரு வீட்டின் தரைப்படத்தையும் அருகருகே வைத்துக்கொண்டு ஒரு வகுப்பு நடத்த இயலும்.

இலண்டனிலும் இதே சிக்கல் எழுந்தது என்பது நமக்கு ஆறுதல். அறவீடுகளைக் கட்ட நிதி விட்டுச்சென்ற இராபர்ட் ஜெஃப்ரி அடிமை வணிகத்தில் பங்கு கொண்டவர். 2020இல் அவர் சிலையை முகப்பிலிருந்து அகற்றவேண்டும் என்ற குரல் வலுத்தது. 2021இல் மீண்டும் திறக்கப்பட்டபோது அருங்காட்சியகம் அவர் பெயரை விட்டு, 'வீட்டின் அருங்காட்சியகம்' என்ற பொருள்படும் பெயரைத் தாங்கியிருந்தது. எனக்குப் பெயர் மாற்றத்தில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. சிலை நிற்க, அதன்முன் பிள்ளைகள் நின்று கேள்வி கேட்பதே எனக்கு உவப்பு.

தொரப்பள்ளிக்கே உரிய ஒரு நுட்பத்தையும் விடலாகாது. ஓசூர்ப் பகுதிப் பிள்ளைகள் பலருக்கு வீட்டுமொழி தெலுங்கு அல்லது கன்னடம். தமிழ் பள்ளியில் வந்து சேர்ந்த மொழி. திண்ணையைத் தெலுங்கு வீட்டுப் பிள்ளை 'அருகு' என்று சொல்வாள். கன்னடத்துப் பிள்ளை 'ஜகலி' என்பான். ஒரு வீட்டின் ஒவ்வோர் உறுப்பையும் மூன்று மொழியில் சொல்லிப் பட்டியலிடச் செய்தால், அரைமணி நேரத்தில் ஒரு சிற்றகராதி உருவாகிவிடும். மொழி ஆசிரியர்களாகிய நாம் இதைச் செய்யாமல் வேறு யார் செய்வார்?

இனி நம் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கும் பாப்பாரப்பட்டிக்கு வருவோம். அங்கே நிலை வேறு. சுப்பிரமணிய சிவா வத்தலக்குண்டில் 1884 அக்டோபர் 4இல் பிறந்தவர். 1908இல் வ.உ.சி.யோடு சிறைப்பட்டு, 1912இல் வெளிவந்தபோது தொழுநோய் அவரைப் பற்றியிருந்தது. பாரதியும் வ.உ.சி.யும் எழுதிய 'ஞானபாநு' இதழை 1913இல் தொடங்கி நடத்தினார். இறுதியில் பாப்பாரப்பட்டியில் பாரத ஆசிரமம் அமைத்தார். பாரதமாதா கோயிலுக்கு 1923இல் சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். கோயில் எழும்முன்பே, 1925 ஜூலை 23ஆம் நாள், நாற்பத்தொரு வயது நிறையாமல் அங்கேயே உயிர் நீத்தார். இன்று அவ்விடத்தில் மணிமண்டபம் இருக்கிறது. அண்மை ஆண்டுகளில் பாரதமாதா நினைவாலயமும் நூலகமும் எழுந்துள்ளன. ஆண்டுதோறும் நினைவு நாளில் மாலைகள் வருகின்றன. பள்ளிப் பிள்ளைகளும் வருகின்றனர்.

ஆனால், காட்ட வீடு இல்லை. சிவாவுக்கு வீடே இல்லை என்று சொன்னாலும் தவறில்லை. தொழுநோயாளர் இரயிலில் செல்லத் தடை இருந்ததால் கட்டை வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகச் சென்று பேசியவர் அவர். வீடில்லாதவருக்கு நினைவில்லம் அமைப்பது எப்படி? இவ்வினாவை ஒரு கவியரங்கத்துக்குத் தலைப்பாக்கலாம் என்று நம் வட்டத்து மூத்த கவிஞர் ஒருவரிடம் வேடிக்கையாகச் சொன்னேன். அவர் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. "அவர் நடந்த வழிதானே அம்மா அவர் வீடு? அதைக் காட்டுங்கள்" என்றார்.

அதனைச் செய்து பார்த்தோம். சென்ற ஆண்டு நினைவு நாளுக்கு மறுவாரம், கூட்டம் ஓய்ந்தபின், இருபத்தெட்டுப் பிள்ளைகளோடு பாப்பாரப்பட்டி சென்றோம். வரிசை இல்லை. நால்வர் நால்வராகப் பிரிந்து மரத்தடியில் உட்கார்ந்தனர். என் மாணவியர் சிவாவின் சிறை வாழ்வையும் நோயையும் சுருக்கமாகச் சொன்னார்கள். நோயைப் பற்றிச் சொல்லலாமா என்று பள்ளி ஆசிரியர் தயங்கினார். சொன்னதே நல்லதாயிற்று, தொழுநோய் இன்று மருந்தால் குணமாகும் என்பதை அப்போதுதான் பலர் முதன்முதலாகக் கேட்டனர். ஒரு சிறுவன் தன் தெருவில் ஒரு தாத்தாவை யாரும் தொடுவதில்லை என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அதன்பின் சிறிது நேரம் எவரும் பேசவில்லை. அந்த மௌனத்தை யாரும் ஏவவில்லை.

பிறகு ஒவ்வொருவரும் சிவாவிடம் கேட்க ஒரு கேள்வி எழுதவேண்டும் என்றோம். 'கால் வலிக்கவில்லையா?' என்று பலர் எழுதினர். 'உங்களுக்கு யார் சோறு போட்டார்கள்?' என்று மூவர். அந்த அடுப்பங்கரைச் சிறுமியைப் போன்ற பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கின்றனர். பென்னாகரம் சாலையோரத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்த ஒருத்தி, 'நீங்கள் நடந்து வந்த வழியில் எங்கள் ஊர் இருந்ததா?' என்று எழுதியிருந்தாள்.

விடை என்னிடம் இல்லை. பழைய சேலம் மாவட்ட வரைபடம் ஒன்றைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன். தாளைப் பிரித்தால் மடிப்புகளில் கிழிகிறது. பின்புறம் துணி ஒட்டத் தந்திருக்கிறேன். வரும் ஜூலையில் அதை எடுத்துக்கொண்டு அவள் பள்ளிக்குச் செல்ல வேண்டும்.